தொழில்நுட்பம் ஒரே கையில் தங்கிவிடக் கூடாது

2024 ஜனவரியில் ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் உள்ள ஹீரோஸ் விளையாட்டரங்கம் காலரா சிகிச்சை மையமானது. கால்பந்து பார்க்கப் பல்லாயிரம் பேர் கூடும் இடத்தில் கட்டில்களும் குளுக்கோஸ் பாட்டில்களும் வரிசை கட்டின. பள்ளிகள் திறப்பது தள்ளிப்போனது. அந்த மாதமே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டோஸ் காலரா தடுப்பு மருந்து விமானத்தில் வந்திறங்கியது. வாய்வழியே கொடுக்கும் இந்த மருந்தை ஒருவருக்கு இரண்டு முறை கொடுக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனால், ஒரு முறைதான் கொடுத்தார்கள். இரண்டாவது முறைக்குக் கொடுக்க உலகத்தில் மருந்து இல்லை.

அந்த நேரத்தில் ஏழை நாடுகளுக்கான காலரா தடுப்பு மருந்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது தென்கொரியாவின் சுன்சோன் நகரில் ஆலை வைத்திருக்கும் யூபயாலஜிக்ஸ் என்கிற ஒரே ஒரு நிறுவனம். இன்னொரு நிறுவனமும் இருந்தது. அது நம் ஹைதராபாதில் இருந்தது. சாந்தா பயோடெக்னிக்ஸ் என்று பெயர். சில வாரங்களுக்கு முன்னர்தான், 2023 முடிவோடு, அது இந்த மருந்து விநியோகத்திலிருந்து விலகியிருந்தது. பிரெஞ்சு மருந்து நிறுவனமான சனோஃபி அதன் உரிமையாளர். பாரிஸில் எடுத்த ஒரு வணிக முடிவு அது. வணிகப் பக்கத்தில்கூட நம் நாளிதழ்கள் அதைப் பெரிதாகப் போடவில்லை.

வளரும் நாடுகளுக்குத் தொழில்நுட்பத்தைக் கைமாற்றித் தருவது பற்றி உலக அரங்கில் பேசப்படும் பேச்சுக்குக் குறைவே இல்லை. உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கையில் 66.2 என்று ஒரு பிரிவே இருக்கிறது. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்குத் தொழில்நுட்பம் சென்றுசேரும் வகையில் பணக்கார நாடுகள் தங்கள் நிறுவனங்களுக்கு ஊக்கமளிக்க வேண்டும் என்கிறது அது. அந்த நாடுகளுக்கென்றே துருக்கியின் கெப்ஸே நகரில் 2018இல் ஐநா ஒரு தொழில்நுட்ப வங்கியையும் திறந்தது. புரிந்துணர்வு ஒப்பந்தம், கைகுலுக்கல், குழுப் படம் என்று விழாக்கள் நடந்தவண்ணம் இருக்கின்றன. எல்லோருடைய கண்ணும் கொடுக்கும் நாளின் மீதே இருக்கிறது. வாங்கியவர் பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கைவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்த மேடைகளில் இடமில்லை. காலரா தடுப்பு மருந்தின் நாற்பதாண்டுக் கதையில் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

ஒன்றைக் கழித்ததால் பிறந்த மருந்து

கதை ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. யான் ஹோல்ம்கிரென், ஆன்-மாரி ஸ்வென்னர்ஹோம் இருவரும் அங்கே வாய்வழி காலரா தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள். கொல்லப்பட்ட காலரா கிருமிகளோடு, கிருமி கக்கும் நஞ்சின் தீங்கற்ற ஒரு பகுதியையும் சேர்த்துச் செய்தது அது. அந்த நஞ்சுப் பகுதிக்கு ‘பி துணை அலகு’ என்று பெயர். (காலரா கிருமி நஞ்சைக் கக்கித்தான் ஆளைக் கொல்கிறது என்பதை 1959இல் நிறுவியவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே. நோபல் பரிசு கிடைக்காத பெரும் இந்தியக் கண்டுபிடிப்புகளில் அதுவும் ஒன்று.) 1985இல் வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கொடுத்து இந்த மருந்து சோதிக்கப்பட்டது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மூன்று டோஸையும் எடுத்துக்கொண்டார்கள்.

மத்லப் சோதனை இன்னொரு விஷயத்தையும் காட்டிக்கொடுத்தது. நஞ்சுப் பகுதி சேர்த்த மருந்து முதல் சில மாதங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பைத் தந்தது. மூன்றாண்டுக் கணக்கு பார்த்தபோது, அது சேர்க்காத வெறும் கிருமி மருந்தும் ஏறக்குறைய அதே அளவுக்குப் பாதுகாத்தது. ஆனால், விலையைக் கூட்டுவது அந்த நஞ்சுப் பகுதிதான். வயிற்று அமிலத்தில் அது சிதைந்துவிடும் என்பதால், அமிலத்தைத் தணிக்கும் பொடி கலந்த ஒரு டம்ளர் தண்ணீரோடு குடிக்க வேண்டும். காலரா பரவிக் கிடக்கும் ஊரில் ஆளுக்கு ஒரு டம்ளர் சுத்தமான தண்ணீருக்கு எங்கே போவது? இருந்தும் ஐரோப்பாவில் நஞ்சுப் பகுதி சேர்த்த மருந்தே 1991இல் உரிமம் பெற்றது. பெரும்பாலும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சுற்றுலா செல்லும் மேற்கத்தியர்களே அதை வாங்கிக் குடித்தார்கள். மருந்தைச் சோதித்துப் பார்த்தது மத்லபின் ஏழைப் பெண்கள் மீது.

அடுத்த அடியை எடுத்துவைத்தது வியட்நாம். போரில் நொறுங்கி, அமெரிக்கப் பொருளாதாரத் தடையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நாடு அப்போது. வட வியட்நாமை 1969இல் அங்கீகரித்த முதல் மேற்கத்திய நாடு ஸ்வீடன் என்பதால் இரு நாட்டு விஞ்ஞானிகளுக்கும் இடையே போக்குவரத்து இருந்தது. ஹனோயில் உள்ள தேசிய சுகாதார, கொள்ளைநோயியல் நிறுவனத்தின் டாங் டுக் டிராக், எண்பதுகளின் நடுவில் ஹோல்ம்கிரெனிடமிருந்து தயாரிப்பு முறையைப் பெற்றார். பெற்றதை அப்படியே நகலெடுக்கவில்லை. விலை கூடிய நஞ்சுப் பகுதியைக் கழித்துவிட்டார்கள். தணிப்புப் பொடி தேவையில்லை, டம்ளர் தண்ணீர் தேவையில்லை. டோஸ் ஒன்றுக்கான செலவு கால் டாலருக்கும் கீழே இறங்கியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹுவே நகரில் பெரும் மக்கள்தொகையில் கொடுத்துப் பார்த்தபோது மூன்றில் இரண்டு பங்கு பாதுகாப்பு கிடைத்தது.

தொழில்நுட்பத்தைப் பெறுகிறவர்கள் மாணவர்கள், கொடுக்கிறவர்கள் ஆசிரியர்கள் என்ற நினைப்பு இந்தத் துறையில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ‘திறன் வளர்ப்பு’ அறிக்கைகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அந்தத் தொனி தெரியும். ஹனோய் அதைப் பொய்யாக்கியது. இன்று ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானோர் குடித்திருக்கும் மருந்து கோத்தன்பர்க் உருவாக்கிய வடிவில் இல்லை. காசில்லாத ஒரு நாடு, தன் தேவையை முன்னால் வைத்துக்கொண்டு வெட்டிச் செதுக்கிய வடிவில் இருக்கிறது.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, பெருமைப்பட முடியாத பங்கு. 1992 அக்டோபரில் அன்றைய மதராஸில் அதுவரை உலகம் பார்த்திராத காலரா கிருமி வகை ஒன்று தென்பட்டது. ஓ139 என்று எண்ணிட்டார்கள். அடுத்த சில மாதங்களில் கல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் அது பெருங்கொள்ளைநோயாகப் பரவியதால் ‘பெங்கால்’ வகை என்று பெயராயிற்று. பழைய காலராவுக்கு எதிராக உடலில் ஊறிய எதிர்ப்பு சக்தி அதனிடம் எடுபடவில்லை. வியட்நாம் காத்திருக்காமல் தன் மருந்தில் ஓ139 வகையையும் சேர்த்தது. 1997இல் உரிமம் பெற்று, அடுத்த ஆண்டுகளில் சொந்த மக்களுக்கு இரண்டு கோடி டோஸுக்கு மேல் கொடுத்தது.

வெளிநாடுகளாலோ ஒரு டோஸ்கூட வாங்க முடியவில்லை. யூனிசெஃப் போன்ற ஐநா அமைப்புகள் ஒரு தடுப்பு மருந்தை வாங்க வேண்டுமென்றால் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதிச் சான்று வேண்டும். அந்தச் சான்று கிடைக்க, தயாரிக்கும் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சரியாக இயங்குகிறது என்று அந்த நிறுவனம் முதலில் ஏற்க வேண்டும். வியட்நாமின் கட்டுப்பாட்டு அமைப்புக்கு அந்த ஏற்பு அப்போது இல்லை. மருந்து வேலை செய்தது, விலை மலிவு, கோடிக்கணக்கானோர் குடித்து நலமாக இருந்தார்கள். ஆனாலும் அது எல்லையைத் தாண்டவில்லை. ஆலையும் ஆய்வகமும் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். ஆலையைச் சோதிக்கிற, குற்றம் கண்டால் இழுத்து மூடுகிற அரசு அலுவலகமும் தொழில்நுட்பத்தின் ஒரு பகுதிதான் என்பது அப்போது விளங்கியது.

சோலில் ஒரு நடுவர்

இந்த முட்டுச்சந்தை உடைத்தது ஐவிஐ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேசத் தடுப்பூசி நிறுவனம். ஐநா வளர்ச்சித் திட்டத்தின் முயற்சியில் 1997இல் உருவாகி, தென்கொரியத் தலைநகர் சோலில் இயங்குவது. லாபத்துக்காக எதையும் விற்பதில்லை. அதன் முதல் தலைமை இயக்குநர் ஜான் கிளெமன்ஸ், மத்லப் சோதனையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். கேட்ஸ் அறக்கட்டளை, தென்கொரிய அரசு, ஸ்வீடன் அரசு ஆகியவை பணம் தந்தன.

ஐவிஐ 2004 வாக்கில் வியட்நாமியர்களோடு அமர்ந்து மருந்தை மறுபடி சீரமைத்தது. பயன்படுத்திவந்த கிருமி வகைகளில் ஒன்று அதிகமாக நஞ்சைச் சுரப்பது தெரியவந்தது, அதை மாற்றினார்கள். நோய் எதிர்ப்பைத் தூண்டும் பொருளின் அளவைக் கூட்டினார்கள். ஒவ்வொரு தொகுதி மருந்திலும் அந்த அளவைத் துல்லியமாக அளக்கும் முறையை வகுத்தார்கள். இதில் எந்தப் பரபரப்பும் இல்லை, இதற்கு யாரும் விருது தருவதில்லை. ஒரு நாட்டுக்குள் முடங்கிக் கிடந்த மருந்தை உலக மருந்தாக்கியது இந்த வேலைதான்.

பிறகு, கட்டுப்பாட்டு அமைப்புக்கு ஏற்பு பெற்ற ஒரு நாட்டைத் தேடினார்கள். இந்தியா கிடைத்தது. கொல்கத்தாவின் தேசிய காலரா, குடல்நோய் நிறுவனத்தோடு சேர்ந்து 2006இல் அந்நகரின் குடிசைப் பகுதிகளில் சுமார் 67,000 பேரை வைத்துச் சோதனை நடத்தினார்கள். ஐந்தாண்டு பின்தொடர்ந்து பார்த்ததில் 65 விழுக்காடு பாதுகாப்பு நிலைத்திருந்தது. காலராவுக்கு அதற்கு முன் எந்தத் தடுப்பு மருந்தும் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததாகக் காட்டியதில்லை. ராபர்ட் காக் 1883இல் காலரா கிருமியைத் தேடி வந்தது இதே நகருக்குத்தான்.

தயாரிப்பு முறை சாந்தா பயோடெக்னிக்ஸுக்குச் சென்றது. அந்த நிறுவனத்தின் பிறப்பே ஒரு மறுப்பிலிருந்துதான். பொறியாளரான வரபிரசாத் ரெட்டி ஹெபடைடிஸ்-பி தடுப்பூசித் தொழில்நுட்பத்தை மேலைநாட்டு நிறுவனத்திடம் காசுக்குக் கேட்டும் கிடைக்கவில்லை. ஓமன் நாட்டு முதலீட்டோடு 1993இல் சொந்தமாக நிறுவனத்தைத் தொடங்கி, 1997இல் இந்தியாவின் முதல் மரபணு மறுசேர்க்கைத் தடுப்பூசியைக் கொண்டுவந்தார். இறக்குமதித் தடுப்பூசியின் விலை சரிந்தது. தர மாட்டோம் என்று கதவைச் சாத்தியதால் உருவான நிறுவனத்தின் கையில், பதினைந்தே ஆண்டுகளில், வியட்நாமும் ஸ்வீடனும் கொரியாவும் சேர்ந்து செதுக்கிய ஒரு தொழில்நுட்பம் கொண்டுவந்து கொடுக்கப்பட்டது.

இதில் காப்புரிமைச் சண்டை எதுவும் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். தொழில்நுட்பக் கைமாற்றம் என்றாலே காப்புரிமை பற்றியே நாம் வாதிடுகிறோம். கொரோனா காலத்தில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் காப்புரிமை விலக்கு கேட்டு 2020 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பில் மனு கொடுத்தன. 2022 ஜூனில் நறுக்கிச் சிறுத்த ஒரு தீர்மானம் வந்தது. அந்தப் போராட்டம் தேவையற்றது என்று சொல்லவில்லை. ஆனால், காலரா மருந்தைத் தடுத்து நிறுத்தியிருந்த பூட்டு வேறு. கிருமியை எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வளர்ப்பது, வெப்பத்தால் கொல்வதா ஃபார்மலினால் கொல்வதா, கொன்ற பின்னும் வீரியம் குறையாமல் இருக்கிறதா என்று எப்படி அறிவது, அடுத்தடுத்த மூன்று தொகுதிகளும் ஒன்றுபோல வருவதற்கு என்ன செய்வது? இதெல்லாம் எந்தக் காப்புரிமைப் பத்திரத்திலும் முழுதாக இருக்காது. தெரிந்தவர் வந்து ஆலைக்குள் நின்று செய்துகாட்ட வேண்டும். நம் வீடுகளில் சமையல் குறிப்பு எழுதித் தந்துவிட்டு, பதம் மட்டும் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும் என்பார்களே, அதுதான்.

ஷான்கால் என்ற பெயரில் 2009இல் இந்தியாவில் உரிமம். 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று. யூனிசெஃப் வாங்கிய விலை டோஸுக்கு 1.85 டாலர். இதற்கிடையே, 2009இலேயே சாந்தா நிறுவனம் சனோஃபியின் கைக்குப் போய்விட்டது. உலகச் சந்தைக்கான கதவு திறந்தபோது, கதவின் சாவி பாரிஸில் இருந்தது.

ஒன்றோடு நிறுத்தாத புத்திசாலித்தனம்

2010 அக்டோபரில் ஹைட்டியில் காலரா வெடித்தது. நேபாளத்திலிருந்து சென்ற ஐநா அமைதிப்படை முகாமின் கழிவுநீர் வழியே அது நுழைந்தது. தனக்கு அதில் பங்கு இருப்பதை ஐநா ஒப்புக்கொள்ள 2016 வரை ஆயிற்று. எட்டு லட்சத்துக்கும் அதிகமானோரை அந்நோய் பிடித்தது, ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். தடுப்பு மருந்து கொடுப்பது 2012இல்தான் தொடங்கியது, அதுவும் சுமார் ஒரு லட்சம் பேருக்கு மட்டும். உலகத்தில் இருந்ததே அவ்வளவுதான். அந்த அவமானத்தின் பின்னணியில்தான் 2013இல் இருபது லட்சம் டோஸோடு உலகக் கையிருப்பு ஒன்று உருவாக்கப்பட்டது.

ஐவிஐ ஒரு முன்யோசனையான காரியம் செய்திருந்தது. ஹைதராபாதுக்குக் கொடுத்ததோடு நிறுத்தாமல், 2010இலேயே கொரியாவில் புதிதாய்த் தொடங்கிய யூபயாலஜிக்ஸுக்கும் அதே தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொடுத்தது. 2015இல் அதன் யூவிகால் மருந்துக்கு உலகச் சான்று கிடைத்தது. ஒரே மருந்தை இருவருக்கு ஏன் தர வேண்டும், இது வீண் செலவு என்று அப்போது கேட்டிருக்கலாம். வணிக மொழியில் தனியுரிமம் என்றால் மதிப்பு. இரண்டாவது ஆளுக்குக் கொடுத்தால் முதல் ஆளின் லாபம் குறையும். பொதுநல அமைப்பு அப்படி யோசிக்கத் தேவையில்லை.

யூபயாலஜிக்ஸ் வாங்கியதை மேம்படுத்தவும் செய்தது. கண்ணாடிக் குப்பியை விட்டுவிட்டு நெகிழிக் குழலுக்கு மாறியது. முனையைத் திருகி வாயில் பிழிந்துவிடலாம். எடை குறைவு, இடம் குறைவு, உடையாது. தெற்கு சூடானில் மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு போகும் சுகாதாரப் பணியாளருக்கு இதன் அருமை தெரியும். 2024 ஏப்ரலில் சேர்மானத்தை எளிதாக்கி, அதே ஆலையில் கூடுதலாகத் தயாரிக்கக்கூடிய யூவிகால்-எஸ் என்ற வடிவுக்கும் சான்று வாங்கியது. கழிக்கிற கலையை ஹனோயிடமிருந்து கற்றுக்கொண்டார்கள் போலும்.

இந்த இடத்தில்தான் சனோஃபி வெளியேறியது. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அப்போது கையிருப்பில் சாந்தாவின் பங்கு சிறியதுதான். பெரும்பகுதியைக் கொரியாவே கொடுத்துவந்தது. இன்னும் பலர் தயாரிக்க வருகிறார்கள் என்பது அவர்கள் கணக்காக இருந்திருக்கலாம். டோஸுக்கு இரண்டு டாலருக்கும் கீழே விற்கும் மருந்து ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் தூசுக்குச் சமம் என்பதும் உண்மை. ஆனால், விலகிய காலத்தைப் பாருங்கள். 2022இல் சுமார் முப்பது நாடுகளில் காலரா. மலாவியில் புயலும் வெள்ளமும் சேர்ந்து அந்நாட்டு வரலாற்றிலேயே பெரிய காலரா பரவலைக் கொண்டுவந்தன. 1,700க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2022 அக்டோபரில், இரண்டு டோஸ் முறையைக் கைவிட்டு ஒன்றே ஒன்று கொடுப்பது என்று கையிருப்பை நிர்வகிக்கும் சர்வதேசக் குழு முடிவெடுத்தது. இரண்டு டோஸ் கொடுத்தால் மூன்றாண்டு தாங்கும் என்ற உறுதி உண்டு. ஒன்றுக்கு ஆறு மாதம் வரைதான் உறுதியாகச் சொல்ல முடியும். 2023இல் நாடுகள் கேட்டதில் ஏறத்தாழப் பாதிதான் தயாரிப்பில் வந்தது. சிறிய பங்குகூடப் பெரிதாகத் தேவைப்பட்ட நேரம் அது.

ஸ்வீடனின் பல்கலைக்கழகப் பணம், வியட்நாம் அரசின் பணம், கொரிய அரசின் பணம், அறக்கட்டளைப் பணம், கொல்கத்தா குடிசைவாசிகளின் உடல்கள் என்று இத்தனை பேரின் பங்களிப்பில் உருவான திறன் ஹைதராபாதில் சத்தமில்லாமல் நின்றுபோனது. ஆலை பிறகும் இருந்தது, வேறு தடுப்பூசிகளைத் தயாரித்தது. காலரா மருந்தை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். ஐவிஐ 2010இல் கொரியாவுக்கும் கொடுத்திருக்காவிட்டால் 2024 ஜனவரியில் லுசாகாவுக்கு அந்த ஒற்றை டோஸும் வந்திருக்காது.

அடுத்த கைகள்

இப்போது நிலைமை சற்று மாறுகிறது. ஹைதராபாதின் பாரத் பயோடெக் நிறுவனம் ஹில்கால் என்ற மருந்தை 2024 ஆகஸ்டில் அறிமுகப்படுத்தியது. அதன் மூலக்கிருமியும் கோத்தன்பர்க்கில் உருவானதே. ஹோல்ம்கிரெனும் அவரது சகாக்களும், முன்பு தனித்தனியே சேர்க்க வேண்டியிருந்த இரு வகைகளின் அடையாளத்தையும் தாங்கும் ஒற்றைக் கிருமியை வடித்தெடுத்தார்கள். மெர்க் நிறுவனமும் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் ஹில்மன் ஆய்வகம் அதை மருந்தாக்கியது. ஆண்டுக்கு 20 கோடி டோஸ் வரை தயாரிக்கும் திறன் இருக்கும் என்கிறது பாரத் பயோடெக். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், அரசும் பங்குதாரராக உள்ள பயோவாக் நிறுவனத்துக்கு 2022 நவம்பரில் ஐவிஐ தன் தொழில்நுட்பத்தைக் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. காலராவால் அதிகம் பேர் சாகிற கண்டத்திலேயே காலரா மருந்து தயாராவதற்கான முதல் படி அது.

மகிழ்ச்சிதான். ஆனால், ஆலை மட்டும் எழுந்துவிட்டால் போதாது என்பதற்கு ஆப்பிரிக்காவிலேயே புதிய உதாரணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் அஸ்பென் நிறுவனம், ஜான்சன் அண்ட் ஜான்சனின் கொரோனா தடுப்பூசியைச் சொந்தப் பெயரில் விற்கும் உரிமத்தை 2022 மார்ச்சில் பெற்றது. ஆப்பிரிக்கத் தலைவர்கள் பாராட்டித் தள்ளினார்கள். ஒரே ஒரு ஆர்டரும் வரவில்லை. அதே மாதம் கென்யாவில் 50 கோடி டாலரில் ஆலை கட்டப்போவதாக அறிவித்த மாடர்னா, 2024 ஏப்ரலில் அந்தத் திட்டத்தைக் கிடப்பில் போட்டது. கண்டத்தின் தடுப்பூசித் தேவையில் 60 விழுக்காட்டை 2040க்குள் உள்ளூரிலேயே தயாரிப்போம் என்று ஆப்பிரிக்க ஒன்றியம் சொல்லிக்கொண்டிருக்கிறது. வாங்குவது மட்டும் மலிவாகக் கிடைக்கும் இடத்தில். காவி என்ற சர்வதேசத் தடுப்பூசிக் கூட்டமைப்பு 2024 ஜூனில், ஆப்பிரிக்கத் தயாரிப்பாளர்களுக்குப் பத்தாண்டுகளில் நூறு கோடி டாலருக்கும் மேல் ஊக்கத்தொகை தரும் திட்டத்தைத் தொடங்கியிருப்பது இந்த முரண்பாட்டைச் சரிசெய்யத்தான். தொடக்க காலத்தில் உள்ளூர் மருந்து சற்று விலை கூடுதலாகத்தான் இருக்கும். அந்தக் கூடுதலை யாராவது கொடுத்தே ஆக வேண்டும்.

நமக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. கிண்டியின் பிசிஜி ஆய்வகம் 1948இல் உலக அமைப்புகளின் உதவியோடு உருவாகி, நாட்டுக்கே காசநோய்த் தடுப்பூசி தந்தது. காலத்துக்கேற்ப அதைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். நல்ல உற்பத்தி நடைமுறைகளைப் பின்பற்றவில்லை என்று 2008 ஜனவரியில் கிண்டி, குன்னூர், கசௌலி ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களின் உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு செங்கல்பட்டில் 594 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் ஒன்றுக்கு 2012இல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்தது. 2021 மே மாதம், தடுப்பூசிக்கு நாடே வரிசையில் நின்றபோது, முதல்வர் மு.க.ஸ்டாலின் நேரில் சென்று பார்த்து, அதைக் குத்தகைக்குத் தாருங்கள் என்று கேட்டார். அங்கிருந்து ஒரு டோஸ் கொரோனா தடுப்பூசியும் வரவில்லை. கட்டிடமும் இயந்திரமும் இருந்தன. கற்றுக்கொடுக்கும் பங்காளியும் வாங்குவேன் என்று எழுதித்தரும் அரசும் இல்லை.

காலராவுக்கு உண்மையான மருந்து குழாயும் சாக்கடையும்தான், தடுப்பு மருந்தைப் பற்றி எதற்கு இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. லண்டனும் ஹம்பர்க்கும் காலராவை விரட்டியது குடிநீர், கழிவுநீர் அமைப்பால்தான், மறுப்பதற்கில்லை. ஆனால், லுசாகாவின் புறநகர்களுக்குப் பாதாளச் சாக்கடை வர இருபது ஆண்டு ஆகும் என்றால், அந்த இருபது மழைக்காலங்களை மக்கள் எப்படிக் கடப்பது? குழாய் போடும் காலம் வரைக்கும் உயிரோடு இருக்கத்தான் இந்த மருந்து.

இந்தியா இன்று இந்தக் கதையில் வெறுமனே வாங்கிக்கொள்ளும் நாடு அல்ல. வியட்நாமின் உழைப்பை ஐவிஐ வழியாக இலவசமாகப் பெற்றோம். இனி தரும் இடத்திலும் நிற்க வேண்டும். ஆண்டுக்கு ஐந்து லட்சம் டாலர் செலுத்தி ஐவிஐ நிர்வாகக் குழுவில் முழு உறுப்பினராக 2017 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. அந்த நாற்காலியில் அமர்ந்து இந்தியா வலியுறுத்த வேண்டிய விதிகள் இரண்டுதான். பொதுப்பணத்தில் உருவாகும் எந்தத் தடுப்பு மருந்துத் தொழில்நுட்பமும் குறைந்தது இரண்டு கண்டங்களில், இரண்டு தனித்தனித் தயாரிப்பாளர்களுக்குப் போக வேண்டும். பெற்றவர் யாரானாலும் விலக நினைத்தால், மூலக்கிருமிகளையும் தயாரிப்புக் குறிப்புகளையும் சோதனை முறைகளையும் இன்னொரு தயாரிப்பாளருக்கு ஒப்படைத்து, அவர் தொகுதி மருந்தை வெற்றிகரமாக வெளியிட்ட பிறகே விலகலாம். நிறுவனம் கைமாறினாலும், வெளிநாட்டவர் வாங்கினாலும், இந்தக் கடமை கூடவே போக வேண்டும்.

பாரத் பயோடெக்கின் ஹில்காலுக்கும் இந்த விதிகளையே முதலில் பொருத்த வேண்டும். அந்தத் தொழில்நுட்பம் ஆப்பிரிக்காவில் ஓர் ஆலைக்கேனும் கற்றுத்தரப்பட, ஒன்றிய சுகாதார அமைச்சகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இப்போதே பேச்சைத் தொடங்க வேண்டும்.